சட்டப்படி கட்டிய குழி

காலை ஏழு மணிக்குள் செத்த கோழிகளைப் பொறுக்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மற்ற கோழிகள் கொத்த ஆரம்பிக்கும். பண்ணை வைத்த நாளிலிருந்து நான் இதில் தவறியதில்லை. இன்றும் பொறுக்கிவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

உட்காரச் சொன்னீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

என் பெயர் கொளஞ்சியப்பன். செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காட்டில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். இரண்டு கொட்டகை. குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் என்னுடையவை. வளர்த்துக் கொடுத்தால் கூலி. எருவைப் பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக்காரர்கள் வந்து அள்ளிப் போவார்கள்.

செத்த கோழிகளை முன்பெல்லாம் ஓடையில் போடுவேன். நாய்கள் பார்த்துக்கொள்ளும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பிறகு விதி வந்தது. திறந்த வெளியில் போடக்கூடாது. ஆழமாகக் குழி வெட்டி, சிமெண்ட் உறை இறக்கி, மேலே தளம் போட்டு மூடி வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் முதலில் கட்டியவன் நான். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய். அதன் மேல் இரும்பு மூடி. கோழியைப் போட்டவுடன் மூடிவிடுவேன்.

பண்ணைக்குக் கிழக்கே ஒரே ஒரு வீடு. இருசம்மாள் வீடு. எனக்குச் சின்னம்மா முறை. புருஷன் இல்லை. மகள் லாவண்யாவை ஜெயங்கொண்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. வீட்டில் அவளும் ஆடுகளும்தான்.

மழைக்காலத்தில் எரு ஈரமாகும். ஈ வரும். ஒரு நாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நின்றாள்.

"ஏண்டா கொளஞ்சி, நான் ஒன் கோழிக்குச் சம்பந்தியாடா? ஈயெல்லாம் சீர்வரிசை தூக்கிட்டு வர்ற மாதிரி என் வூட்டுக்கு வருது."

"மருந்து அடிக்கிறேன் சின்னம்மா."

"அடிச்சா செத்து வுழுவுது. எங்க வுழுவுதுன்னு வந்து பாரு. என் கொழம்புல வுழுவுது."

என் மனைவி வளர்மதி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வளர்மதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கேள்வி கேட்டால் பதிலுக்கு நிற்க மாட்டாள். தீவனம் வந்துதா என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டகைக்குள் போயிருப்பாள். கல்யாணமான புதிதில் எனக்குக் கோபம் வரும். பிறகு பழகிவிட்டது. பதில் சொல்லாமல் இருக்கவும் பழகிவிட்டது.

மழை விட்ட பிறகும் ஈ குறையவில்லை. இருசம்மாள் மறுபடி வந்தாள்.

"திங்கக்கெழம அரியலூர் போறேன், கலெக்டர் ஆபீசுக்கு. ஒம்மேல மனு குடுக்கணும். நீயும் வர்றதுன்னா வா, ஒரே பஸ்ல போயிட்டு வந்துடலாம்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. விரோதமாகவும் சொல்லவில்லை. அவள் சுபாவம் அது. வளர்மதி அவளுக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

மனுவைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது. கொட்டகை, எருக்குவியல், குழி எல்லாவற்றையும் பார்த்தார். மூடியைத் தட்டிப் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். வளர்மதி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனில் தூரம் பார்த்தார்.

"அந்த வீடு ஐநூறு மீட்டருக்குள்ள வருதுங்க. விதிப்படி வரக்கூடாது."

"ஒரே வீடுதான் சார்."

"ஒன்னா இருந்தாலும் ஆள் குடியிருக்காங்கல்ல."

அவர் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் கொட்டகையில் தண்ணீர்க் குழாய் கழன்றுவிட்டது என்று வளர்மதி கூப்பிட்டாள். நான் உள்ளே போனேன். மாட்டிவிட்டு வந்தபோது அவருடைய வண்டி ரோட்டில் ஏறியிருந்தது. போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் சொன்னதே போதும் என்று இருந்தது.

அதை நான் பல நாள் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். வீடு நிற்பதில் விதிக்கு ஆட்சேபம் இல்லை. ஆள் இருப்பதில்தான் ஆட்சேபம். பூட்டிக் கிடந்தால் அது வெறும் சுவர்.

கம்பெனி சூப்பர்வைசர் பாலாஜி பாடாலூரிலிருந்து வாராவாரம் வருவான். கோழிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அனுமதி வராம குஞ்சு எறக்க வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. இந்த பேட்ச்சோட சரி."

"அப்பறம் கொட்டகைய என்ன பண்றது?"

"ஆடு கட்டுங்க. ஒங்க சின்னம்மாகிட்ட நாலு குட்டி வாங்கிக்குங்க."

அவன் சிரித்தபடி வண்டியைக் கிளப்பினான். அந்தக் கொட்டகை போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை. நிலம் சுண்ணாம்புக்கல். மானாவாரி. அதை நம்பி என் அப்பா என்ன ஆனார் என்று ஊருக்குத் தெரியும்.

இருசம்மாளிடம் நல்ல விதமாகவே கேட்டேன். அதை நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

"மவ வூட்டுக்குப் போயிடு சின்னம்மா. வயசான காலத்துல தனியா எதுக்கு?"

"மருமவன் எனக்குச் சோறு போடுவான். என் ஆட்டுக்கு எவன் போடுவான்?"

"ஆட்ட வித்துடு."

"நீ கோழிய வுட்டுடு. நான் ஆட்ட வுட்டுடறேன். சரியா?"

அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

ஒரு முறை அவளுடைய குட்டி ஒன்று பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டது. ஆட்கள் கயிறு கொண்டு வரட்டும் என்று சுற்றி நின்றவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கல்லைப் பிடித்து இறங்கிவிட்டாள். குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள். குட்டி கத்தினால் அவள் ஆழம் பார்க்க மாட்டாள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். பழைய கிணற்றில் தூர் எடுக்க இறங்குகிறவர்கள் முதலில் ஒரு விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் கூடாது. நான் என் குழியில் ஒரு விளக்கை இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. மறுநாளும் இறக்கினேன். அணைந்தது.

இறங்கும் எண்ணம் இல்லாதவன் எதற்கு விளக்கை இறக்கினான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

காற்று கெட்டிருந்ததற்குக் காரணம், குழியை அவ்வளவு ஒழுங்காக மூடி வைத்திருந்ததுதான். ஓடையில் போட்ட காலத்தில் யாரும் சாகவில்லை.

சம்பவம் நடந்த அன்று இருசம்மாளின் ஆடுகள் குழிக்கு அந்தப் பக்கம் வேலிக்கருவை நிழலில் நின்றன. அவள் சற்றுத் தள்ளிக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த குட்டி ஒன்று என்னிடம் பயமில்லாமல் வரும். தீவனம் தின்னக் கொடுத்துப் பழக்கியிருந்தேன். மூடியைத் திறந்தேன். கொட்டகையில் படுதா கட்டுவதற்கு ஒரு மூங்கில் ஏணி உண்டு. அதைக் கொண்டுவந்து குழிக்குள் இறக்கினேன். குட்டியைப் போட்டேன். அது இரண்டு முறை கத்தியது.

நான் கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

"கொளஞ்சி, டேய் கொளஞ்சி, குட்டி வுழுந்துட்டுடா. கெடக்குதுடா அசையாம."

எனக்குக் கேட்டது. கோழிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று முன்பு விசாரணையில் சொல்லியிருந்தேன். கேட்டது. பிறகு கேட்கவில்லை.

நான் அவளைத் தொடவில்லை. இறங்கச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று யோசிக்கிற மனுஷியாக இருந்தால் அவள் இன்றைக்கும் இருப்பாள்.

வளர்மதி என் கணக்கில் இல்லை. அவள் அந்த நேரத்தில் பண்ணைக்கு வருகிறவள் அல்ல. சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். போகவில்லை. அவளை நான் கொல்லவில்லை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவள் தானாக இறங்கினாள். ஒருவர் மயங்கிக் கிடந்தால் அடுத்தவர் இறங்குவதும், அவரும் விழுவதும் செய்தித்தாளில் அடிக்கடி வருகிறதுதான்.

தீயணைப்பு வண்டி வந்து இருவரையும் தூக்கியது. குட்டி இருசம்மாள் கையில் இருந்தது. விஷவாயு தாக்கி என்று எழுதினார்கள். உங்களுக்கு முன் இந்த ஸ்டேஷனில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். லாவண்யா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணே, ஒனக்கும் இப்படி ஆயிட்டுதே என்றாள். பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்தச் சின்ன வயது அதிகாரி வந்தார். துக்கம் விசாரிக்கத்தான் வந்திருந்தார், அளக்க அல்ல. வளர்மதி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். வீடு பூட்டிக் கிடப்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன்.

"இனிமே தூரம் தடையில்லைங்களே சார்."

"அது எப்பவுமே தடையில்லைங்க. பழைய பண்ணைக்குத் தூரத்த அப்படிப் பிடிக்கிறதில்ல. அந்தப் பக்கம் வரிசையா மரம் வச்சு, எருவ ஈரமில்லாம பாத்துக்கிட்டா அனுமதி குடுத்துடலாம். அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க உள்ள போயிட்டீங்க."

வேம்பும் புங்கனும் நட்டேன். நன்றாகப் பிழைத்துக்கொண்டன. கடிக்க ஆடு இல்லை. அனுமதி வந்தது. குஞ்சு இறக்கினார்கள். பாலாஜி வந்து எனக்காக வருத்தப்பட்டான்.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். வீடுதான் தடையாக இருந்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். செய்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பேன். தினமும் காலையில் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று விட்டுப்போயிற்று.

வளர்மதி குழிக்குப் பக்கத்திலிருந்து கத்தியதும் நான் ஓடினேன். ஓடத்தான் செய்தேன். அவள் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயருகே இருசம்மாளின் செருப்பு கிடந்தது.

"அத்த உள்ள கெடக்குதுங்க. குட்டிய புடிச்சிக்கிட்டே கெடக்குது."

இறங்காதே என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். ஏன் என்று கேட்டிருப்பாள். அதைத்தான் யோசித்தேன். அதற்குள் அவள் ஏணியில் கால் வைத்துவிட்டாள். அது கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டிக் கிடக்கிற ஏணி. அவள்தான் தினமும் எடுத்து மாட்டுகிறவள். கையால் அதைத் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

எதைக் கேட்டாலும் பதிலுக்கு நிற்காதவள் என்று சொன்னேன். அன்று நின்றாள். மார்பளவு உள்ளே இறங்கியவள், என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, இந்த ஏணிய யாருங்க இங்க கொண்டாந்து வச்சது?"