ஏரிக்குள்ள போன கொப்பரை

கொக்கு பாக்க வந்தாங்களாம் யக்கா, கொக்கு! மெட்ராஸ்லேர்ந்து ரயிலு ஏறி! எங்க வளவனூரு கழனியில அது பாட்டுக்கு மேஞ்சிக்கினு கெடக்கும், ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்காது... கொஞ்சம் நவுந்து குந்துங்க, திண்டிவனம் வரைக்கும் போவணும்.

விருத்தாசலம்னு பேரு. எங்க ஊட்டுக்காரரு கூட பட்டாளத்துல இருந்தவராம், பொண்டாட்டியோட வந்து எறங்கிட்டாரு. அந்தம்மா கண்ணுல ரெட்டைக் கொழாயை வெச்சிக்கினு, நாரையப் பாரு நாரையப் பாருன்னு ஒரே கூத்து. அவரு தூண்டியப் போட்டுக்கினு காலையிலேர்ந்து ஏரிக்கரையிலியே குந்தியிருந்தாரு. உச்சிக்கு ஒரு கெண்டை மாட்டுச்சு. நான் ஓடிப்போயி மொளகா அரைச்சிட்டு வந்தா, அதைத் திரும்பத் தண்ணியில உட்டுட்டு நிக்கிறாரு. தமாசுக்குப் புடிச்சாராம். மீனுகிட்ட என்னா தமாசு?

அத்தோட போச்சா? படகு இருக்குதான்னு கேட்டாங்க. எங்க ஏரியில ஏது படகு? எங்க ஊட்டுக்காரரு, மாசிலாமணி, அந்த மனுசனுக்கு இல்லன்னு சொல்ல வாய் வருமா? வெல்லம் காச்சற கொப்பரைய வண்டியில ஏத்திக்கினு போயித் தண்ணியில எறக்கி, அவங்க ரெண்டு பேரையும் உள்ள குந்த வெச்சி, மூங்கிக் கம்பால தள்ளிக்கினு போறாரு. ஊரே சிரிக்குது. அந்தக் கொப்பரைதான் யக்கா எங்க சோறு.

இப்ப அது ஏரிக்கு அடியில. மூணு நாளா முழுகி முழுகித் தேடறாரு, எந்த சேத்துல பொதைஞ்சிதோ. வெட்டிப் போட்ட கரும்பு களத்துல காயுது. அதான் எங்க அக்கா அம்சா ஊட்டுல ஒரு கொப்பரை கேட்டு வாங்கியாரப் போறேன்.

அவங்களா கவுத்தாங்கன்னா கேக்கறீங்க? ...இல்ல. அவங்க பொம்மையாட்டம் குந்திக்கினு போயிட்டு வந்து ரயிலுக்குக் கெளம்பிட்டாங்க. பொழுது சாயற நேரம், கரையில ஒருத்தரும் இல்ல. நீயும் ஏறு கெங்கம்மான்னாரு எங்க ஊட்டுக்காரரு. கண்ணாலம் ஆயி இருவது வருசத்துல என்னை எங்கியும் கூட்டிக்கினு போனதில்ல யக்கா. ஏறிட்டேன். நடு ஏரியில, வெள்ளை வெளேர்னு அம்மாம் பறவையும் ஒண்ணா எழும்பிச்சுங்க பாருங்க... நானும் எழுந்து நின்னுட்டேன்.

என்னை இழுத்துக் கரையில போட்டாரு. கொப்பரை போயிடுச்சு.

எங்க மாமியா மொதக்கொண்டு ஊரே அவரை ஏசுது. நாந்தான் கம்பை அழுத்தி ஊணிட்டேன்னு சொல்லிட்டு மறுபடியும் முழுகப் போயிடறாரு. ஊரோட சேர்ந்து நானும் ஏசிக்கினுதான் யக்கா இருக்கேன்.