பொய் சொல்லத் தெரியாத மைல்கல்

அவைக்குத் தலைமை தாங்கும் மேயர் அம்மையார் அவர்களே, நகரமன்றப் பெரியோர்களே, சந்தைக் கூடையோடு நேராக இங்கே வந்துவிட்ட தாய்மார்களே, கல்லைக் கொண்டுபோக வந்திருக்கும் அருங்காட்சியக நிபுணர் தெல்மாஸ் ஐயா அவர்களே, பள்ளி மாணவி கப்புசீனின் பணிவான வணக்கம்.

நம் மொந்திராக்கைச் சுற்றி என்ன இல்லை? ஆற்றைத் தாண்டும் ரோமானியப் பாலம் இல்லையா? துறவிகள் போய்ப் புறாக்கள் குடியேறிய மடம் இல்லையா? கூரை போனாலும் குன்றை விடாத கோட்டை இல்லையா? அத்தனையும் நம் ஊர் வரைபடத்தில் உண்டு. இல்லாதது ஒன்றுதான். இரும்புக் குண்டு வீசி விளையாடும் திடலில் நிற்கும் ரோமானிய மைல்கல். அதை நகரத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதா, இங்கேயே விடுவதா என்று இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அனுப்பிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தக் கல்லுக்குள் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு. அதன் தலையில் ஃபிர்மேன் மாமாவின் மதுக்கோப்பை. அங்கே யாரைத் திரும்பிப் பார்க்கிறீர்கள் மாமா, உங்களைத்தான் சொல்கிறேன். குறிப்பேட்டோடு போய்க் கேட்டேன்.

"மாமா, இது நினைவுச்சின்னம். கோப்பைய எடுங்க."

"எடுத்து எங்க வைக்கிறது, உன் தலையிலயா? தள்ளி நில்லு பாப்பா, குண்டு வருது."

சென்ற வியாழக்கிழமை நிபுணர் வந்தார், அளவு நாடாவை விரித்தார். மாமா விடுவாரா?

"கல்லத் தொடணும்னா மொதல்ல ஒரு ஆட்டம் ஆடணும், சார்."

"ஆடலாமே. எனக்கு நல்லா ஆடத் தெரியும்."

"அப்படிச் சொன்னவங்கதான் இங்க நல்லாத் தோத்திருக்காங்க."

பதின்மூன்றுக்குச் சைபர் என்று நிபுணர் தோற்றார். ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றவர், மண்டியிட்டுக் கல்லின் அடியில் முத்தமிட வேண்டும். அது நம் திடலின் சட்டம். மேயருக்கும் விலக்கில்லை. ஆம் அம்மையாரே, போன கோடையில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நிபுணர் மண்டியிட்டார், முத்தமிட்டார். ஆனால் எழவில்லை.

"என்ன சார், இடுப்புப் பிடிச்சுக்கிச்சா?" என்றார் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒதேத் அத்தை.

"இல்லம்மா. அந்தத் தண்ணிக் கூஜாவக் குடுங்க. இங்க எழுத்து இருக்கு."

இத்தனை காலம் தோற்றவர்கள் எல்லாம் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு முத்தமிட்டார்கள். இவர் ஒருவர்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். புல்லை விலக்கிக் கழுவினோம். பாலத்திலிருந்து மூன்று மைல் என்று கல் சொன்னது.

மறுநாள் காலை அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பாலத்திலிருந்து நிபுணரும் நானும் நடந்தோம். மூன்றாவது ரோமானிய மைல் முடிந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தோம். எதிரே ஃபிர்மேன் மாமாவின் கோப்பை.

அன்பானவர்களே, பேரரசர்கள் போனார்கள். படைகள் போயின. அந்தப் பழைய பாதையும் புதைந்து போயிற்று. இந்தக் கல் மட்டும் நின்ற இடத்தில் நின்று ஒரே ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணாடிக் கூண்டில் வைத்தால் என்ன சொல்லும்? பாலம் மூன்று மைல் என்றே சொல்லும். ஆனால் அங்கிருந்து பாலம் முப்பது மைல். இரண்டாயிரம் ஆண்டு பொய் சொல்லாத கல்லைப் பொய் சொல்ல வைக்கவா நாம் கை தூக்குவது?

இங்கேயே நிற்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். பின்வரிசையில் அந்த முதல் கை யாருடையது? தெல்மாஸ் ஐயா, உங்களுக்கு இந்த ஊரில் வாக்கில்லை, இருந்தாலும் இறக்கிவிடாதீர்கள்.

இன்னும் யோசிப்பவர்கள் மாலை ஐந்து மணிக்குத் திடலுக்கு வாருங்கள். ஃபிர்மேன் மாமா குண்டோடு காத்திருப்பார். முத்தத்துக்குக் கல்லும் காத்திருக்கும். இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கு நன்றி கூறி, உயர்ந்திருக்கும் கைகளை எண்ணும் வேலையை மேயர் அம்மையாரிடம் விட்டு அமர்கிறேன். வணக்கம்.