நடுவில் விழுந்த பந்து

நயா பைசா வந்த புதுசு. அன்னூர் போகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் ஏதோ மில்லின் வாலிபால் டீமுக்குக் கோச்சாம். கூட நின்ற மச்சானிடம் சொன்னார்:

"மரியாதையாலயே தோத்துப்போட்டமுங்க மச்சான்."

"அதெப்படிங்க?"

"டீம்ல ரெண்டு பேரு மாமன் மாப்பளைங்க. பந்து அவங்களுக்கு நடுவுல வருது. 'நீங்க எடுங்க மாமா'ங்கறான் இவன். 'இருக்கட்டும் மாப்பளே, நீங்க எடுங்க'ங்கறாரு அவரு. பந்து கீழ உளுந்துபோச்சு. கடைசிப் பாயிண்டுங்க அது."

"நீங்க சொல்லிக் குடுக்கலீங்களா?"

"ஆறு மாசமா தொண்டை வத்தக் கத்தறனுங்க. நான் ஆடறப்ப எங்கப்பனே குறுக்க நின்னாலும் தள்ளிப்போட்டு எடுப்பனுங்க. முட்டி போனதுலதான் கோச்சானேன். இன்னொருக்காத் தோத்தா பழையபடி ஸ்பின்னிங் வேலைக்கே திரும்பிப் போன்னு மேனேஜர் சொல்லிப்போட்டாரு."

கோவில்பாளையத்தில் ஒரு சீட் காலியானது.

"உக்காருங்க மச்சான்," என்றார் கோச்.

"முட்டி வலி உங்களுக்குத்தானுங்களே. நீங்க உக்காருங்க."

"அட, இருக்கட்டுங்க. நீங்க உக்காருங்க."

அங்கே ஏறிய ஒருவர் கூடையோடு வந்து உட்கார்ந்துகொண்டார்.