போண்டா மடிச்ச கடைசிப் பக்கம்

கொலைய எவன் பண்ணுனான்னு சொல்றதுக்கு எரநூத்திப் பதினேழு பக்கமுங்க. எங்க மலையில, அரியூர் நாட்டுல, ஒரு கோழி காணாமப் போனா, எவன் ஊட்டுல மசாலா வாசம் வருதுன்னு பாத்துட்டு அரை மணி நேரத்துல கேச முடிச்சுருவோம். கொஞ்சம் நகந்து உக்காருங்க சார். ஆமாங்க, பின்னால சீட்டெல்லாம் காலியாத்தான் கெடக்குது. நா உங்க பக்கத்துல உக்காரறதுக்கு ஒரு காரணம் இருக்குது, சொல்றேன். கையில என்னங்க, முரளி கடை போண்டாவா? தின்னுங்க, தின்னுங்க. ஆனா மடிச்சிருக்கற பேப்பர மட்டும் கசக்கிப்புடாதீங்க. ஜன்னலு வழியா வீசியும் போட்டுறாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

நம்ம பேரு அர்த்தனாரிங்க. பொழப்பு மொளகுக்காடுதான். ஆனா நாமக்கல்ல பி.ஏ. இங்கிலீஷ் ரெண்டு வருசம் படிச்சவன். மூணாவது வருசம் படிக்கல, அது வேற கதை. என்ற சம்சாரம் பூங்குழலி, அங்கன்வாடியில இருக்கறா. அவ கோவிச்சுக்கிட்டு காளப்பநாயக்கன்பட்டிக்கு, அவங்கம்மா ஊட்டுக்குப் போயி இன்னிக்கு ஆறு நாளுங்க. எதுக்குங்கறீங்க? ஒரு புக்குக்கு. இங்கிலீஷ் துப்பறியும் நாவலு. ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ஊட்ட ஒழிச்சனுங்களா, அட்டையில்லாம அட்டாலிப் பரண்ல கெடந்துச்சு. பழைய பேப்பரோட சேத்தி முரளி டீக்கடையில குடுத்துட்டேன், வடை மடிக்க ஆவுமேன்னு. இவ வந்து புக்கு எங்கன்னா. சொன்னேன். காலைல மொத பஸ்சுக்குப் பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா.

கோவம் வேறென்னத்துக்கு, கொலகாரன் யாருன்னு தெரியாமப் போச்சேன்னுதான். கடைசி அத்தியாயத்துல நின்னிருப்பா போல. சேரி, நாமளே கண்டுபுடிச்சுச் சொல்லிட்டா வந்துருவான்னு முரளிகிட்ட ஓடுனா, எல்லாத்தையும் கிழிச்சு மத்த பேப்பரோட கலந்து வெச்சுட்டான். நாலு நாளா அங்கயே உக்காந்து பொறுக்குனனுங்க. மானத்தப் பாக்காம குப்பை டின்னுலயும் கைய உட்டேன். இந்த மஞ்சப்பைக்குள்ள நூறு தாளுக்கு மேல இருக்குது. கடைசித் தாளு மட்டும் சிக்கல. இன்னிக்கு நேர்லயே போயி அவளப் பாத்துரலாம்னு பஸ் ஏறறேன், உங்க கையில போண்டா, அதுக்கடியில கொட்டை எழுத்துல ‘தி எண்டு’. உட்டுருவனா?

படிச்சுப் பாத்தனுங்க, மத்ததையெல்லாம். நேரம் போகோணுமே. ஒரு பங்களா, விடியவிடிய மழை. மாடியில ஒருத்தன் செத்துக் கெடக்கறான், கீழ அம்புட்டுப் பேரும் டீ குடிக்கறாங்க. போலீசு வந்தா அவனுக்கும் டீ. கொலகாரன் அதுல எவனோ, அவனுக்கும் ரெண்டு டீ. முரளி மட்டும் அந்தப் பக்கம் கடை போட்டிருந்தா இந்நேரம் மாடி ஊடு கட்டியிருப்பான். அப்பறம் ஒரு துப்பறியறவன் வாரான். செத்தவனோட செருப்பப் பாத்தே, இவன் நேத்து எங்க போனான், யாருகூடச் சண்டைன்னு அம்புட்டும் சொல்றான். என்ற சட்டை பூரா பலாப் பிசினு. வந்து பாத்துச் சொல்லட்டும், எனக்கும் என்ற ஊட்டுக்காரிக்கும் என்ன சண்டைன்னு.

வளைவு வருதுங்க, கம்பியப் புடிச்சுக்கங்க. இன்னும் அறுபத்திச் சொச்சம் வளைவு இருக்குது, ஒண்ணும் அவசரமில்ல.

கடைசில எல்லாத்தையும் ஒரு ஹாலுல உக்கார வெச்சுக்கிட்டு நாப்பது பக்கம் பேசறானுங்க. கொலகாரனும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்து கேக்கறான். நம்மூரா இருந்தா, கடைசி பஸ்சு போயிரும்னு பாதிலயே எந்திரிச்சுப் போயிருப்பான். ஒரே ஆளு வாய் ஓயாமப் பேசுனா எவன் சார் உக்காந்து கேப்பான்?

அந்த இங்கிலீஷ் இருக்குதே, அது அதுக்கு மேல. ‘ஐயாம் அஃப்ரெய்டு, யுவர் அங்கிள் ஈஸ் டெட்’ங்கறான். எனக்குப் பயமா இருக்குது, உங்க மாமன் செத்துட்டாருன்னு. பயந்தவனாட்டமா இருக்கறான்? டீய உறிஞ்சிக்கிட்டே சொல்றான். சோறு அமிர்தமா இருந்தா ‘நாட் பேடு’. ஊசிப் போகலையாம், அம்புட்டுத்தான் பாராட்டு. காதுல உழுகலீன்னா ‘ஐ பெக் யுவர் பார்டன்’. மன்னிப்பப் பிச்சையாக் கேக்கறானுங்க, எதுக்கு, காது கேக்காததுக்கு. நெசமாத் தப்புப் பண்ணுனவன் மட்டும் வாயே தொறக்க மாட்டான். மனசுல இருக்கறத நேராச் சொன்னா நாக்கு வெந்துருமாட்ட இருக்குது.

இந்தக் கண்றாவிக்குத்தான் ஆசப்பட்டா இவ. படிப்பு பத்தாவது. போன கிறிஸ்மஸுக்கு மெர்சி மேடம் குவார்ட்டர்ஸுக்குக் கூப்புட்டிருந்தாங்க. இவளுக்கு மேலதிகாரி, திருச்சிப் பக்கத்துலருந்து மாத்தலாகி வந்தவங்க. அவங்க தம்பி ஜான்பீட்டரு, நல்ல மனுசன், இவகிட்டப் போயி இங்கிலீஷ்ல கேக்கறாரு, உங்க சென்டர்ல கொழந்தைகெல்லாம் எப்படின்னு. இவ எந்திரிச்சு நின்னு, ‘அவர் சில்ட்ரன் ஆர்’னு ஆரம்பிச்சா. அடுத்த வார்த்தை வரலீங்க. நா சும்மா இருப்பனா? ‘இருந்த இங்கிலீஷ் தீந்துபோச்சு, யாராச்சும் ஒரு வார்த்தை கடங் குடுங்க’ன்னேன். ஊடே சிரிச்சுதுங்க. ஜான்பீட்டருக்கு கேக்கு பொரையேறிப் போச்சு. இவளுந்தான் சிரிச்சா. கேக்கு மட்டும் திங்கல, சுகர் இருக்குதுன்னுட்டா. சுகரெல்லாம் ஒண்ணும் கெடையாது.

நீங்க சிரிக்கலீங்களா? சேரி, நேர்ல பாத்திருந்தாச் சிரிச்சிருப்பீங்க.

அன்னிக்கு வாரப்ப மேடத்துகிட்ட இந்தப் புக்கக் கேட்டு வாங்கிட்டு வந்தா. உனக்கே வெச்சுக்கன்னு குடுத்துட்டாங்களாம். அதுலருந்து புடிச்சுது கிறுக்கு. அடுப்புல சோறு கொதிக்கும், இவ கையில டிக்சனரியும் பென்சிலும். ஆரம்பத்துல ஒரு பக்கத்துக்கே ஒரு நாளு. அதுலயும் ஓரமெல்லாம் கோழி கெளறுன மாதிரி பென்சில்ல கிறுக்கி, புக்கப் பாழாக்கி வெச்சிருக்கறா. எதுக்கு அம்மணி ஒனக்கு இந்த வேலைன்னு கேட்டேன். சும்மாதான்னா. சும்மாங்கறவகிட்ட என்னத்தக் கேக்கறது?

தின்னாச்சுங்களா? குடுங்க குடுங்க. கைய என்ற துண்டுலயே தொடச்சுக்கங்க. எரநூத்திப் பதினேழு, அதேதான். எண்ணெ கொஞ்சம் ஊறியிருக்குது, படிக்கலாம். இருங்க... டாக்டரு. அட, டாக்டருங்க. நா தோட்டக்காரன்னு நெனச்சிருந்தேன். முடிஞ்சுது போங்க, நேராப் போயி டாக்டருன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சாயந்தர பஸ்சுக்குக் கூட்டிட்டு...

அடியில என்னமோ எழுதியிருக்கறாளே. ‘முதல் தடவை முடித்தது, ஜூன் பன்னெண்டு. இரண்டாம் தடவை, ஜூலை இருபத்தெட்டு.’

முடிச்சுட்டாளுங்க. ரெண்டு தடவை. டாக்டருன்னு அவளுக்கு ஜூன் மாசமே தெரியுமுங்களே. அப்ப எதுக்குப் போனா?

ஓரத்துல... அர்த்தம் எழுதி வெச்சிருக்கறா. மோட்டிவ், காரணம். கன்ஃபெஸ், ஒத்துக்கொள்வது. ஹ்யூமிலியேட்... ‘நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துவது. உதாரணம்: மெர்சி மேடம் வீட்டில் அவர் செய்தது.’

...

இல்லீங்க, ஒண்ணுமில்ல. இந்தப் பைய ஒரு நிமிசம் புடிங்க. இந்தத் தாளுலயும் இருக்குது. இதுலயும். எல்லாத்துலயும் அர்த்தம் எழுதியிருக்கறா, குண்டு குண்டா, எங்க மொளகு மணியாட்ட. நாலு நாளா இதக் கையில வெச்சுக்கிட்டு, நா கதைய மட்டும் படிச்சிருக்கறனுங்க.

காளப்பநாயக்கன்பட்டிங்களா? அதுக்குள்ளயா? நீங்களும் இங்கதானா, எறங்குங்க எறங்குங்க, கண்டக்டரு விசிலு ஊதறாரு. நா வரலீங்க. நா சேந்தமங்கலம் போயி எறங்கி, அங்கருந்து திரும்பி நடந்தே வாரேன். அவகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்கோணுமில்லீங்க. ‘பூங்குழலி, நாந்தான்’ வரைக்கும் வந்துருச்சு. அடுத்த வார்த்தைதான் வரல.