ஒன்பதாம் படியின் பலகை

உங்கள் மேசையைத் தட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும் ஐயா. பழக்கதோஷம். மரம் என்று எதைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இது ஒட்டுப்பலகை. வாயே திறக்காது.

நான் வந்தது தச்சர் விஷயமாக. பன்னிரண்டு நாளாக அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டு மாடிப்படியில் இருந்த நல்ல பலகையை உருவிக்கொண்டு, மெல்லிய பெட்டிப் பலகையைப் பொருத்திப் பெயின்ட் அடித்து ஏமாற்றினார், அதனால்தான் என் அக்கா விழுந்து செத்தாள் என்பது வழக்கு. அவர் அந்தப் படியைத் தொடவே இல்லை. கைப்பிடியை மட்டும்தான் சரிசெய்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பலகையை எடுத்தவன் நான். சொல்லவே நாக் கூசுகிறது. ஆனாலும் ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் தொழில் கிதார். புதிதாகச் செய்வதில்லை. ஒரு காலத்தில் கடையில் மின்சார கிதார் வாங்க வக்கில்லாத இளவட்டங்கள் வீட்டிலேயே செய்துகொண்டார்கள். கட்டில் பலகையில் உடம்பு, பழைய டெலிபோனிலிருந்து பிடுங்கிய காந்தம், கையால் சுற்றிய செம்புக் கம்பி. அவையெல்லாம் இப்போது பரணிலிருந்து செல்லரித்து இறங்கி வருகின்றன. கெட்ட உடம்பைக் கழித்துவிட்டு, இடிக்கிற வீடுகளில் கிடைக்கும் பழைய மரத்தில் நான் வேறு உடம்பு செய்து கொடுக்கிறேன்.

கீழே என் பட்டறை, மாடியில் அக்கா. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். என்னை வளர்த்து ஆளாக்கியவள். வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு தடவை நான் அவள் அலமாரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"உன் மண்டையையும் ஒரு தடவை தட்டிப் பாருடா. கணீர்னு கேக்கும். உள்ள ஒண்ணும் இல்லல்ல."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ரேடியோ மெக்கானிக், தன் இருபது வயதில் செய்த கிதாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கழுத்தும் காந்தச் சுருளும் பழுதில்லை. உடம்பைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது. அந்தச் சுருளின் குரலுக்கு ஏற்ற மரம் தேடி ஊரிலுள்ள இடிபாடெல்லாம் ஏறி இறங்கினேன். எதைத் தட்டினாலும் ஓட்டைப் பானை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஒருநாள் மாடி ஏறும்போது ஒன்பதாவது படியில் என் செருப்பின் குதிகால் பட்டது. மணி அடித்தது போல ஒலித்தது. அப்படியே நின்றுவிட்டேன். எத்தனை வருடமாக அதன்மேல் நடந்திருக்கிறேன்! அதுவரை வெறும் காலோடு நடந்ததால் கேட்கவில்லை.

அக்கா தோழி வீட்டுக்கு இரண்டு நாள் போனாள். அந்த இடைவெளியில் பலகையைக் கழற்றினேன். பெட்டிப் பலகையை அளந்து வெட்டிப் பொருத்தி, தச்சர் மிச்சம் வைத்துவிட்டுப் போன பெயின்டை அடித்தேன். அதனால்தான் நீங்கள் அவரைப் பிடித்தீர்கள். ஏறி நின்று பார்த்தேன். கொஞ்சம் உள்வாங்கியது. என் எடை ஐம்பது கிலோ. அக்காவுக்கு எண்பது இருக்கும். ஒரு வாரம் தாங்கும், அதற்குள் தடிப்பலகை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், பழைய பலகையைப் பழைய இடத்தில் வைக்கும்வரை விடமாட்டாள். அதனால் சொல்லவில்லை.

நான் மட்டும் அந்தப் படியைத் தாண்டி ஏறினேன். அக்கா நாளைக்குப் பத்துத் தடவை அதை மிதித்தாள். பட்டறை அந்தப் படிக்கட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஐயா, மரத்தில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும். ஒலி இறங்கும். திங்கட்கிழமை 'டக்' என்றது. புதன்கிழமை 'டொக்' என்றது. சனிக்கிழமை அதில் ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. ஊரிலேயே அதைக் கேட்டுச் சொல்லக்கூடிய காது என்னுடையதுதான். உளியைக் கீழே வைக்காமலே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கீழே வந்தாள்.

"ஏன்டா, ஒரு படி முனகுதே, என்னன்னு பாத்தியா?"

"பாக்குறேன்க்கா."

"நீ பாப்ப. கிதாருக்குக் காய்ச்சல்னா பக்கத்துலயே உக்காந்திருப்ப. எனக்குன்னா நாளைக்கு, நாளைக்கு."

சிரித்துக்கொண்டேதான் மேலே போனாள்.

அன்று ஒட்டும் நாள். பலகையை இரண்டாக அறுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்தால்தான் உடம்புக்கு அகலம் வரும். நான் இன்றும் பழைய வச்சிரப் பசைதான் காய்ச்சுவேன். சூடாகத் தடவி, ஆறுவதற்குள் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். ஆறிவிட்டால் இணைப்பு கெட்டது. சுரண்டி எடுத்தால் மரமும் போகும். இரண்டு விளிம்பிலும் தடவி முடித்தேன். அப்போதுதான் படி முறிந்தது.

"தம்பி" என்று கூப்பிட்டாள். மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை சத்தமே இல்லை, மூச்சுதான் வந்தது.

நான்கு கிளாம்ப். அவசரப்பட்டால் பலகை நழுவும். ஒவ்வொன்றாக இறுக்கி, பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனேன். எட்டு நிமிடம் ஆகியிருக்கும். அப்போதும் அவளுக்கு நினைவு இருந்தது. என் கையில் இருந்த பசையைத்தான் பார்த்தாள். 

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "ரேடியோ சத்தத்துல கேக்கல டாக்டர்" என்றேன். ரேடியோ ஓடவில்லை.

படியில் கடைசியாக வேலை செய்தது யார் என்று உங்கள் ஏட்டு கேட்டார். தச்சர் என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அவர் மனைவி இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க அண்ணா" என்று என் காலைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது ஐயா. அது மட்டும் உண்மை.

அப்படியானால் பன்னிரண்டு நாள் ஏன் வரவில்லை என்கிறீர்கள். வெட்கத்தால் என்றுதான் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. செதுக்க நான்கு நாள், வார்னிஷ் ஆறு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய ஒரு நாள். நேற்று கம்பி மாட்டினேன். இன்று காலையில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.