படகின் மறுபக்கம்

துபாயில் மூடுபனி இறங்கும் என்று சொன்னால் திருச்சியில் யாரும் நம்பமாட்டார்கள். என் அக்காவே சிரித்தாள். பாலைவனத்தில் ஏதடி பனி என்று கேட்டாள். உங்களுக்குத் தெரியும், பாய். டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் வரை சில நாட்கள் விடியும்போது எதிர்க் கட்டடம் காணாமல் போயிருக்கும். வெயில் ஏறினால் எல்லாம் கலைந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் வருடம் முழுவதும் காத்திருப்பேன்.

நான் சொல்வதைப் போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சொல்லும்போது இதையும் விடாமல் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவர் என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறார். சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்தார். எனக்குக் குளிருகிறதா என்று உங்கள் மூலம் கேட்டு ஏசியைக் குறைக்கச் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் பாதி மட்டும் சொல்வது சரியில்லை.

பனியைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு தவறு செய்வார்கள். காமிராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை நம்பிவிடுவார்கள். அது வெள்ளையைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். பனி அழுக்குத் தண்ணீர் நிறத்தில் வந்து விழும். மீட்டர் சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு குளிர்காலம் ஃபிலிமை ரோல் ரோலாகப் பாழாக்கி நானே தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வெறும் பனி படமாகாது. அதற்குள் கறுப்பாக, சின்னதாக ஏதாவது வேண்டும். ஒரு கம்பம் இருக்கலாம், ஒரு கொக்கு இருக்கலாம். ஆள் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் முகம் தெரியக்கூடாது. அவர் வருகிறாரா, போகிறாரா என்பதும் தெரியக்கூடாது. பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகம் தீராமல் இருக்கும்வரை அவர் படத்தைவிட்டு நகரமாட்டார்.

என் படங்களில் அந்த ஆள் என் கணவர் உமாபதி.

அவர் கெட்டவர் இல்லை. அல் கூஸில் ஒரு ஏசி கம்பெனியில் என்ஜினியர். குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார். மகள் ரக்ஷிதா பிறந்தபோது ஆசையாக ஒரு காமிரா வாங்கினார். பத்துப் பதினைந்து படம் எடுத்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். கராமாவில் எங்கள் வீட்டு பால்கனியிலிருந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நான்தான் அதை மறுபடி எடுத்தேன். எனக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அவரே என்னை உம்முல் குவைன் பக்கம் அந்தக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போவார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நான் சொல்கிற இடத்தில் போய் நிற்பார். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அதை நான் மறுக்கமாட்டேன்.

அந்த இடத்தை அதிகாரி பார்த்திருக்கிறார், நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கார் நிற்கும் கரையிலிருந்து நேராக நடந்தால் கெட்டியான தரை. அதன் முடிவில் பாதி புதைந்த ஒரு பழைய மரப்படகு. படகுக்கு அப்பால் ஓர் ஓடை. அதற்கும் அப்பால் ஒரு மணல்திட்டு. கரையோரமாகவே சுற்றிக்கொண்டு நடந்தால் கால் நனையாமல் அந்தத் திட்டுக்குப் போய்விடலாம். கடல் வற்றியிருக்கும்போது ஓடையில் கொக்குகள் நிற்கும். ஏற்றம் வரும்போது முதலில் நிரம்புவது அந்த ஓடைதான். சத்தமே இருக்காது. அடியில் சேறு, கால் வைத்தால் விடாது.

முதல் படத்தை இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாக் கண்காட்சிக்குக் கொடுத்தோம்.

"சங்கத்துல மெம்பர் நான்தானே. என் பேர்ல குடுத்தாத்தான் எடுத்துக்குவாங்க. அப்புறமா சொல்லிக்கலாம்" என்றார்.

"பரவாயில்லைங்க" என்றேன்.

முதல் பரிசு கிடைத்தது. மேடையில் மாலை போட்டார்கள். படத்தில் நிற்பது யார் என்று ஒருவர் கேட்டார். "யாரோ ஒரு மீன்காரர் சார். தற்செயலா வந்தார், சட்டுனு எடுத்துட்டேன்" என்றார் இவர். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினேன்.

அப்புறமாகச் சொல்வதற்கு நேரம் வரவில்லை. அடுத்த வருடமும் பரிசு. ஒரு ஓட்டல் வரவேற்பறையில் மாட்டுவதற்குப் பெரிதாக்கிக் கேட்டார்கள். ரக்ஷிதா பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று, "மை டாட் இஸ் எ ஃபோட்டோகிராஃபர், மம்மி ஹோல்ட்ஸ் த பேக்" என்று சொன்னாளாம். அவளுடைய டீச்சர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். குழந்தை கண்ணால் கண்டதைச் சொல்கிறது.

பிறகு சென்னை வார இதழ் ஒன்றுக்காக ஒரு நிருபர் வீட்டுக்கு வந்தார். பனிப்படத்தின் ரகசியம் என்ன என்று கேட்டார். இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பனியில எதைக் காட்டுறோங்கிறது முக்கியமில்ல சார். எதைக் காட்டாம விடுறோம், அதுதான்" என்றார். அது நான் சொன்னது. ஒரு காலையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் காதில் வாங்கிக்கொண்டார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நிருபர் அதை எழுதிக்கொண்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சாருக்கு இன்னொரு காபி" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. காபியில் சர்க்கரைகூடச் சரியாகத்தான் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஷார்ஜாவைத் தாண்டியதும் பனி அடர்த்தியாகிவிட்டது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்துகொண்டு போனது. இவ்வளவு நல்ல பனியை நான் அதுவரை பார்த்ததில்லை. ஓட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"அடுத்த வெள்ளிலேர்ந்து சங்கத்து ஆளுங்க அஞ்சு பேர் வர்றாங்க. நான் கத்துக் குடுக்கணுமாம். எல்லாம் ஆம்பளைங்க. நீ வீட்லயே இரு, பாப்பாவுக்கும் நல்லது."

"காமிரா?"

"அது எங்கிட்டதான் இருக்கணும், பின்ன? எங்க நிக்கணும், வெளிச்சம் எவ்வளவு வைக்கணும்னு முதல் நாளே சொல்லிடு. நான் பாத்துக்கறேன்."

"எல்லா வெள்ளியுமா?"

"சீசன் முடியறவரைக்கும். என்ன இப்போ?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். உண்மையிலேயே ஒன்றுமில்லை. வெளியே பனி மிக நன்றாக இருந்தது. என் கவனமெல்லாம் அதில்தான்.

அதன் பிறகு நடந்ததாக ஜனவரியில் இதே மேஜையில் நான் சொன்னதை நீங்கள் எழுதி வைத்திருப்பீர்கள். அவர் படகுக்குப் போய் நின்றார். நான் கார் பக்கத்திலேயே இருந்தேன். வழக்கம்போலப் படம் எடுத்து முடித்ததும் ஹாரன் அடித்தேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எப்போதும் திரும்பி வருவார். அன்று வரவில்லை. பனி கலைந்தபின் மீன்பிடிக்கிறவர்கள் அவரை ஓடையில் கண்டெடுத்தார்கள். நீந்தத் தெரியாதவர், பனியில் திசை மாறிவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடையைச் சுற்றிப் படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் அவர் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பேசியவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

அன்று எடுத்த ரோலை ஏன் கழுவக் கொடுத்தீர்கள் என்று அதிகாரி நேற்றுக் கேட்டார். எடுத்த படத்தைப் பார்க்காமல் யாராவது இருப்பார்களா? கராமாவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கலீலுர் ரஹ்மான் பாயிடம்தான் எப்போதும் கொடுப்பேன். அதிராம்பட்டினத்துக்காரர். படங்களை எடுப்பது நான்தான் என்று துபாயிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நான் கேட்டுக்கொண்டதால் வெளியே சொன்னதில்லை. நான் போனபோது அவர் வழக்கம்போல் உட்காரச் சொல்லவில்லை. பிரிண்டை மேஜைமேல் வைத்தார்.

"தங்கச்சி, இதுவரைக்கும் நீங்க கொண்டாந்த படத்துல எல்லாம் படகு மூக்கு வலப்பக்கம் பாத்துல்ல இருக்கும். இதுல இடப்பக்கம் பாக்குதே."

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருப்பீங்க, பாய்."

"நானா? இம்புட்டு வருசமா இதே வேலைதானேம்மா பாக்குறேன். இது ஓடைக்கு அந்தாண்ட நின்னு எடுத்தது. நீங்க காரை விட்டு நகரவே இல்லைன்னுல்ல எல்லாரும் சொல்றாங்க?"

"படம் எப்படி இருக்கு, பாய்?" என்று கேட்டேன்.

அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். "நல்லா இருக்கு. அதாம்மா பயமா இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எதிரே வந்தால்கூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் போலப் பொறுத்திருந்துவிட்டு அவரே இங்கே வந்து பிரிண்டைக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. படத்தைப் பார்க்கத் தெரிந்தவர், பார்த்ததைச் சொன்னார்.

இன்று காலை அதிகாரி அந்தப் பிரிண்டை என் முன்னால் நகர்த்தி ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கணவர் பெரிய புகைப்படக்காரர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், காமிராவை அந்தத் திட்டில் வைத்து, டைமர் போட்டுவிட்டு, தானே போய்ப் படகருகில் நின்று எடுத்திருப்பாரோ, பிறகு காமிராவை எடுக்க வரும்போது ஓடையில் சிக்கியிருப்பாரோ என்று. நீங்கள்தான் அதைத் தமிழில் சொன்னீர்கள். சொல்லும்போது, ஆமாம் என்று தலையாட்டிவிடுங்கள் என்பது போல என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்கும் பெண் குழந்தை இருக்கும்போலிருக்கிறது. தலையாட்டியிருந்தால் இந்த நேரம் ரக்ஷிதாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பேன்.

அதிகாரிக்குக் காமிரா தெரியாது. டைமர் பத்து விநாடிதான் தாங்கும். அதற்குள் திட்டிலிருந்து படகுக்கு யாராலும் போக முடியாது. தவிர, என் கணவருக்குப் பனிக்கு எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்றே தெரியாது. அவர் எடுத்திருந்தால் அந்தப் படம் சாம்பலாக விழுந்திருக்கும். அதைத்தான் சொன்னேன். இதை எடுத்தது நான் என்று சொன்னேன். அதன் பிறகு மீதியை மறைத்துப் பயனில்லை.

அவர் படகருகே போய்ச் சேர்ந்ததும் நான் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கரையோரமாகச் சுற்றி மணல்திட்டுக்குப் போனேன். அங்கிருந்து வெளிச்சம் நன்றாக வரும் என்று நினைத்தேன். அது உண்மை. படகுக்குப் பின்னால் பனி பால்போல் திரண்டிருந்தது. அவர் ஒரு கையைப் படகின்மேல் வைத்துக்கொண்டு, நான் காரருகே நிற்பதாக நினைத்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு படம் எடுத்தேன். இன்னொன்று தேவைப்படவில்லை.

பிறகு பனி இன்னும் இறங்கி அவரை மூடிவிட்டது. எனக்கும் படகுக்கும் நடுவே கொக்குகள் போய்விட்டிருந்தன. ஓடை நிரம்பிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தது, பாய். அதை அப்படியே சொல்லுங்கள்.

"என்னங்க, முடிஞ்சுது. வாங்க" என்று கூப்பிட்டேன்.

"ஹாரன் அடிக்கலையா?"

"பாட்டரி வீக்கா இருக்குங்க. என் குரல் வர்ற பக்கமா வாங்க."

"வேற பக்கமா கேக்குதே?"

"பனியில அப்படித்தாங்க கேக்கும்."

பனியைப் பற்றி நான் சொல்வதை அவர் எப்போதும் நம்புவார். வந்தார். தண்ணீரில் கால் வைக்கிற சத்தம் கேட்டது.

"இங்க தண்ணி இருக்கு. ஆழமா?"

"இல்லைங்க. முழங்கால்தான். நேரா வாங்க."

வீட்டில் அவர் என்னை 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். வெளியில் 'ரக்ஷிதா அம்மா'. அன்று பனிக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜெயபாரதி என்று, முழுதாக. ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டதே இல்லை. நான் ஓடிவிடவில்லை. அவர் கூப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் காருக்கு நடந்துபோய் ஹாரனை அடித்தேன்.

பெயருக்காகச் செய்தேன் என்று மட்டும் அதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள், பாய். பெயரையெல்லாம் நான் ஒருநாளும் பெரிதாக நினைத்தவள் இல்லை.