முதல் மணி யாருக்கு

— அந்த வைஃபை டப்பாவை ஏன்க்கா மாடிப் பக்கமாத் தள்ளி வெக்கறே?

— எங்கே தள்ளினேன்? ப்ளக் இருக்கற இடத்துலதானே டப்பாவை வெக்க முடியும், குட்டி.

— இந்தச் சுவத்துலயும் ஒரு ப்ளக் இருக்கு. உன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. அங்கே வெச்சா மாடியில உனக்கு நாலு கோடு காட்டும், கீழே எனக்கு ஒத்தக் கோடு. நான் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வீடு முழுக்க அலையணும். நல்லா இருக்கே கதை.

— சரிம்மா சரி. நட்ட நடுவுல வெக்கறேன். தம்பியோட இந்த ரூம் மாடிப்படி பாதியில இருக்கறது இதுக்காவது உதவுதே. உனக்கும் அதே தூரம், எனக்கும் அதே தூரம். திருப்தியா?

— அளந்து பாத்துட்டுச் சொல்றேன்.

— அளந்துக்கோ. இவ்வளவு பாடும் எதுக்குன்னு நெனப்பிருக்கட்டும். போன வாரம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கத்தினது உன் காதுல விழல.

— ட்ரையர் ஓடிட்டிருந்துச்சு. ஈரத் தலையோட ஒருத்தி உக்காந்திருந்தா. இன்னும் எத்தனை தடவை சொல்லிக் காட்டுவே? உன் காதுல மட்டும் விழுந்துச்சாக்கும்?

— நான் மாடியில இருக்கேன். அம்மா உன் வீட்டுல இருக்கு.

— ஆங், வந்துட்டியா. எங்கே சுத்தினாலும் அங்கேதான் வந்து நிப்பே. அம்மா என்கிட்ட இருக்கறது உன் கண்ணை உறுத்துது.

— உறுத்துது. இல்லைன்னு சொல்லலை. அம்மாவால படி ஏற முடியாது, அதனால உன்கிட்ட இருக்கு. முட்டி நல்லா இருந்தா என்கிட்டதான் இருந்திருக்கும்.

— இருந்திருக்கும், இருந்திருக்கும். குளிப்பாட்டறது நான், தலை சீவறது நான், பாதித் தூக்கத்துல எழுந்து தண்ணி குடுக்கறது நான். வாயைத் தொறந்தா மட்டும் பெரியவ புராணம். பெரியவ கை பட்டா செத்த போனும் பேசும், பெரியவ கடைக்கு எங்கெங்கேருந்தோ வர்றாங்க, பெரியவ இருந்தா இப்படி விடுவாளான்னு. எனக்கு வயிறு எரியாம என்ன பண்ணும்?

— உனக்கு எரியறது இருக்கட்டும். நீயும் அம்மாவும் சாயங்காலம் உக்காந்து சிரிக்கறது ஜன்னல் வழியா மேல வரைக்கும் கேக்குது. என்னத்துக்குச் சிரிக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது. இறங்கி வந்தா கப்புனு நிறுத்திடுவீங்க. அப்போ எனக்கு எப்படி இருக்கும்?

— நீ சண்டைக்கு வர்ற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு வந்தா யாருக்குச் சிரிப்பு வரும்?

— போனைக் குடு. பேச்சு வளர்ந்தா வேலை நடக்காது.

— இந்தா. என்னமோ சொல்லுது பாரு. இன்டர்நெட் இல்லையாம்.

— சொல்லும். இதுல இன்டர்நெட்டே கிடையாது. இந்தச் சந்துக்கு லைன் இழுக்க மாட்டேன்னுட்டாங்க. அம்மா படுத்திருக்கற பின்கட்டுல சிக்னலும் எட்டிப் பாக்காது. அதான் இந்த டப்பா. நம்ம வீட்டு போனுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். வாசலைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது. அதுக்குத் தெரியாம புலம்புது. இருந்தாலும் பரவாயில்லையான்னு கேக்குதா? ஆமான்னு அமுக்கு. இல்லைன்னா தானா கழண்டுக்கும்.

— அமுக்கிட்டேன். இதென்ன பேரு? பெரிய வீடு?

— டப்பாவுக்கு ஒரு பேரு வெக்கணும், வெச்சேன்.

— நீ இருக்கறது பெரிய வீடுன்னா நான் இருக்கறது என்ன, சின்ன வீடா?

— ஐயோ, அப்படி நெனச்சு வெக்கலைடி.

— நீ நெனக்காட்டியும் போனைப் பாக்கறவங்க நெனப்பாங்க. என்கிட்ட முடி வெட்டிக்க வர்றவங்க வாய் சும்மா இருக்காது. மாத்து. அம்மான்னு வை.

— பேரை மாத்தினா எல்லாப் போனையும் மறுபடி சேக்கணும். உன்னோடது, என்னோடது, அம்மாவுக்குன்னு வாங்கினது, தம்பியோடது.

— தம்பியோடதா? அவன் போன் எங்கேருந்து வந்துச்சு?

— இந்த மேஜை டிராயர்லதான் கெடக்கு. கப்பல் வேலைக்குப் போறப்போ விட்டுட்டுப் போன பழசு. நேத்து சோதிச்சுப் பாக்க இன்னொரு போன் வேண்டியிருந்துச்சு, நீ வேலையா இருந்தே. சார்ஜ் போட்டேன், உயிர் வந்துடுச்சு. அவன் படத்தையும் அம்மா போன்ல ஏத்தி, அடிச்சுப் பாத்தேன்.

— வேலை முடிஞ்சதுல்ல, அழிச்சுடு.

— அழிக்கத்தான் போனேன். அதுக்குள்ள அம்மா பாத்துடுச்சு. இது இருக்கட்டும்னு சொல்லுச்சு.

— இருந்து என்ன பண்ண? அவன் போன நாள்லேருந்து நம்ம போனை வாங்கி அம்மா எத்தனை தடவை கூப்பிட்டிருக்கும். ஒரு தடவை எடுத்திருப்பானா? பணம் மட்டும் அனுப்பிட்டா ஆச்சா.

— அதெல்லாம் அம்மாகிட்ட யாரு சொல்றது? பேரை மாத்திட்டேன், எல்லாம் சேந்துடுச்சு. அம்மா போனைக் கொண்டு போய்க் குடு.

— சரி, குடு.

— வேண்டாம் இரு. நீ தனியாப் போனா, என் படத்தைத்தான் அமுக்கணும்னு சொல்லிக் குடுப்பே.

— நீ போனா மட்டும்?

— அப்போ ரெண்டு பேரும் போவோம். வா.

— அம்மா, கொஞ்சம் நிமிந்து உக்காரு. இது உனக்கு. மூணு படம் தெரியுதா?

— தெரியுது. பெரியவ, சின்னவ, தம்பி. தம்பி மட்டும் எப்படி அப்படியே இருக்கான்?

— பழைய படம்மா. இனிமே எது வேணும்னாலும் கத்த வேண்டாம். யாரு வேணுமோ அவங்க படத்தை அமுக்கு.

— தம்பி படத்தை அமுக்கினா அவனுக்குப் போயிடுமா பெரியவளே?

— அது வந்தும்மா... போகும்.

— இப்போ யாரை அமுக்கட்டும்?

— உன் இஷ்டம். நாங்க மேல தம்பி ரூமுக்குப் போயிடறோம். போனதும் அமுக்கு. உனக்கு யாரைத் தோணுதோ.

— ரெண்டு பேரும் என் கையையே பாக்கறீங்க. எனக்கென்னமோ பரீட்சை வெச்ச மாதிரி இருக்கு.

— பரீட்சையெல்லாம் இல்லம்மா. சும்மா அமுக்கு. குட்டி, வா.

— ஏன்க்கா பொய் சொன்னே? வாசலைத் தாண்டாதுன்னு என்கிட்ட சொன்னே. கப்பலுக்குப் போகுதாக்கும்?

— அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு டிராயருக்குப் போகும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. நாளைக்கு அழிச்சுடறேன். அது எங்கே அவனை அமுக்கப் போகுது?

— அது என்னைத்தான் அமுக்கும். கூடவே இருக்கறவ நான்.

— கூடவே இருக்கறவளை எதுக்குக் கூப்பிடணும்? தூரத்துல இருக்கறவளைத்தான் தேடும்.

— உன்னைக் கூப்பிட்டுச்சுன்னா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அம்மாவை நாலு பேரை வெச்சுத் தூக்கி உன் வீட்டுலயே கொண்டாந்து விட்டுடுவேன். நீயே வெச்சுக்கோ.

— உன்னைக் கூப்பிட்டா நான் இனிமே கீழே இறங்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே கெடங்க.

— அடிக்குது. அக்கா, உன் போனா?

— இல்லையே. உன்னோடதா இருக்கும்.

— என்னோடது கையில சும்மா இருக்கு, பாரு.

— அப்போ எங்கேருந்து சத்தம் வருது?

— டிராயர்லேருந்து.

— அவனைக் கூப்பிட்டிருக்கு.

— சோறு ஊட்டறவளை விட்டுட்டு, மருந்து வாங்கித் தர்றவளை விட்டுட்டு, எட்டிப் பாக்காதவனுக்கு முதல் மணி. நீயும் நானும் இவ்வளவு நாளா எதுக்குக்கா அடிச்சுக்கிட்டோம்?

— எனக்கும் அதான் புரியலை. ஆம்பளைப் புள்ளைன்னா தனிதான்.

— எடு. எடுத்து உண்மையைச் சொல்லிடு. இது தம்பி இல்லை, டிராயர்னு சொல்லு.

— எடுத்துட்டேன். வாய் வரலைடி.

— தம்பி? நீயாப்பா? எடுத்துட்டியா?

— பேசுக்கா.

— நீ பேசு. என்னால முடியாது.

— மூச்சு விடறது கேக்குதுப்பா. பெரியவளை அமுக்கினா சின்னவ பொசுங்கிடுவா, சின்னவளை அமுக்கினா பெரியவ படி இறங்க மாட்டா. நீதான் எப்பவும் எடுக்க மாட்டியே, அந்தத் தைரியத்துலதான் உன் படத்தை அமுக்கினேன்.